சூடு இருந்தும் காயாதது ஏன்?

அடைமழைக் காலம். மூன்று நாட்களாக வெயில் முகத்தையே காணோம். பள்ளிச் சீருடை காயவில்லை. அம்மா அதை அடுப்பங்கரையில் கொடி கட்டிப் போடுகிறார். குளிர்காற்று வரக்கூடாது என்று சன்னலையும் சாத்திவிடுகிறார். அடுப்பு எரிகிறது, அறை கதகதப்பாக இருக்கிறது. ஆனால் காலையில் தொட்டுப் பார்த்தால் சட்டை ஈரமாகவே இருக்கிறது! சன்னல் கண்ணாடியில் மட்டும் நீர்த்துளிகள் வழிகின்றன.

சூடு இருந்தது. பிறகு ஏன் காயவில்லை?

இதைத் தெரிந்துகொள்ள ஒரு சிறு சோதனை செய்யுங்கள். ஒரே அளவுள்ள இரண்டு கைக்குட்டைகளை நனைத்துப் பிழியுங்கள். ஒன்றைக் கண்ணாடி போன்ற பாலிதீன் பையில் போட்டு, வாயை இறுகக் கட்டி வெயிலில் வையுங்கள். மற்றொன்றை நிழலில், காற்றோட்டமான இடத்தில் கொடியில் போடுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். பையில் இருந்தது சூடாக இருக்கும், ஆனால் ஈரமாகவே இருக்கும். நிழலில் தொங்கியது அநேகமாக உலர்ந்திருக்கும்.

நீரை ஆவியாக்க வெப்பம் தேவை. ஆனால் ஆவியான நீரை அங்கிருந்து எடுத்துச் செல்லக் காற்றும் தேவை. காற்று ஒரு கூலியாளைப் போன்றது. கூடை நிறைந்தவுடன் அவர் வெளியேறி அடுத்தவருக்கு இடம்விட வேண்டும். கூடை நிறைந்தவரே அறைக்குள் நின்றுகொண்டிருந்தால் வேலை நடக்குமா?

வீட்டில் இதனால் வருவது ஈரச் சட்டை மட்டுமே. ஆனால் ஒரே நேரத்தில் 50 கிலோ துணியைக் காயவைக்கும் பெரிய இயந்திரத்தில் இந்தப் பாடத்தை மறந்தால் என்ன ஆகும்? கட்டடமே தீப்பற்றலாம். அந்த இயந்திரம் மூச்சுவிடும் குழாயைப் பற்றித்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

புகை மணத்த துணிகள்

1800-ஆம் ஆண்டு வாக்கில் பிரான்சு நாட்டில் போஷோன் என்பவர் ஒரு கருவி செய்தார். உலோக உருளை ஒன்றில் துளைகள் இட்டு, உள்ளே ஈரத் துணியைப் போட்டு, நெருப்புக்கு மேலே கையால் சுழற்ற வேண்டும். துணி காய்ந்தது. ஆனால் புகை நாற்றமும் கரியும் அதில் ஏறிக்கொண்டன. 1892-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் சாம்ப்சன் என்பவர், அடுப்பின் வெப்பத்தைக் கொண்டே துணியை உலர்த்தும் ஒரு சட்டத்துக்குக் காப்புரிமை பெற்றார். பிறகு மின்சாரமும் எரிவாயுவும் வந்தன. உருளையை மோட்டார் சுழற்றியது.

இன்று பெரிய மருத்துவமனைகளிலும் தங்கும் விடுதிகளிலும் இத்தகைய உலர்த்தி இயந்திரங்கள் இருக்கின்றன. ரயிலின் ஏ.சி. பெட்டியில் தரும் போர்வையும் விரிப்பும் இயந்திரச் சலவையகங்களிலிருந்தே வருகின்றன. பொதுவாக இத்தகைய இடங்களில் விரிப்புகளைச் சூடான உருளைகளுக்கு இடையே செலுத்தித் தேய்த்து உலர்த்துவார்கள். துண்டுகளும் போர்வைகளும்தான் சுழலும் உலர்த்திக்குள் போகும்.

அந்த இயந்திரத்துக்குள் காற்று செல்லும் வழியைக் கவனியுங்கள். முதலில் அறையிலுள்ள காற்று இயந்திரத்துக்குள் நுழைகிறது. நீராவிக் குழாயோ, எரிவாயுச் சுடரோ, மின்கம்பியோ அதைச் சூடாக்குகிறது. சூடான காற்று, துளையிட்ட உருளைக்குள் புரளும் துணிகளின் ஊடே பாய்கிறது. பிறகு ஒரு வலை வடிகட்டியைக் கடந்து, விசிறியால் இழுக்கப்பட்டு, தகட்டுக் குழாய் வழியாகக் கட்டடத்துக்கு வெளியே போய்விடுகிறது. அந்தத் தகட்டுக் குழாயைத் தொழிலாளர்கள் ‘டக்ட்’ என்பார்கள்.

பத்து வகுப்பறைக் காற்று

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். 50 கிலோ துண்டுகளைத் துவைத்து, வேகமாகச் சுழற்றிப் பிழிந்தாயிற்று. அதன் பிறகும் அவற்றில் சுமார் 25 கிலோ தண்ணீர் தங்கியிருப்பதாகக் கொள்வோம். இதை அரை மணி நேரத்தில் வெளியேற்ற வேண்டும்.

உலர்த்தியின் வெப்பநிலையில் ஒரு கிலோ நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பம் தேவை. 25 கிலோவுக்கு 60,000 கிலோஜூல்! சுமார் 200 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இவ்வளவு வெப்பம் போதும்.

இந்த வெப்பத்தைத் துணிக்குக் கொண்டுவந்து தருவதும் காற்றுதான். ஒரு கன மீட்டர் காற்று 50 டிகிரி குளிர்ந்தால் ஏறத்தாழ 60 கிலோஜூல் வெப்பத்தைக் கொடுக்கும். அது ஆவியாக்கக்கூடிய நீர் 25 கிராம். அப்படியானால் 25 கிலோ நீரை ஆவியாக்க எவ்வளவு காற்று வேண்டும்? 1,000 கன மீட்டர்! உங்கள் வகுப்பறையின் கொள்ளளவு 100 கன மீட்டர் என்றால், பத்து வகுப்பறைகளில் உள்ள அவ்வளவு காற்றும் அரை மணி நேரத்தில் அந்த ஒரே இயந்திரத்தின் வழியே ஓட வேண்டும். வினாடிக்கு அரைக் கன மீட்டருக்குச் சற்று அதிகம்.

காற்றை ஏன் சூடாக்க வேண்டும் என்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. 30 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் இடத்தில் அதிகபட்சம் 30 கிராம் நீராவிதான் இருக்க முடியும். 60 டிகிரியில் அதுவே சுமார் 130 கிராம். கூலியாளின் கூடை பெரிதாகிறது. மழைநாளிலும் இயந்திரம் துணியைக் காயவைப்பதன் இரகசியம் இதுவே.

உள்ளே வர வழி உண்டா?

இவ்வளவு காற்று வெளியே போகிறது என்றால், அதே அளவு காற்று அறைக்குள் வந்தாக வேண்டும் அல்லவா? பலர் கோட்டைவிடும் இடம் இதுதான். வெளியேற்றும் குழாயை அழகாகப் போட்டுவிட்டு, அறையின் சன்னல்களை எல்லாம் அடைத்துவிடுவார்கள்.

நமது இயந்திரத்துக்கு 60 சென்டிமீட்டர் நீளமும் 60 சென்டிமீட்டர் அகலமும் உள்ள திறப்பு ஒன்றை விட்டால், காற்று வினாடிக்கு ஒன்றரை மீட்டர் வேகத்தில் அமைதியாக உள்ளே வரும். அதில் சாய்வுப் பலகைகள் பொருத்தினால் அவை மறைக்கும் பரப்பைக் கழித்துக் கணக்கிட வேண்டும். நான்கு இயந்திரங்கள் இருந்தால் திறப்பும் நான்கு மடங்கு வேண்டும்.

திறப்பு போதாதபோது அறையின் அழுத்தம் குறையும். வெளியிலுள்ளதைவிட அது 5 மில்லிமீட்டர் நீர்த்தம்ப அளவு குறைந்தாலே, 2 சதுர மீட்டர் கதவின் மேல் 10 கிலோ எடையை வைத்தது போன்ற விசை உண்டாகும். கதவைத் திறக்க முயன்றால் யாரோ மறுபக்கம் இழுத்துப் பிடிப்பதுபோல் இருக்கும். இத்தகைய கதவை ஒரு சலவையகத்தில் கண்டால், இயந்திரங்கள் மூச்சுத் திணறுகின்றன என்று பொருள்.

எரிவாயுவால் இயங்கும் உலர்த்தியில் இது உயிருக்கே ஆபத்து. காற்று போதாமல் எரியும் சுடரிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. வெளியே போக வேண்டிய புகை அறைக்குள்ளேயே திரும்பிவிடவும் கூடும்.

எவ்வளவு அகலமான குழாய்?

இனி வெளியேற்றும் குழாய்க்கு வருவோம். எந்த விட்டத்தில் போடலாம்? மூன்று குழாய்களை ஒப்பிட்டுப் பார்ப்போம்.

20 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாயில் நமது காற்று வினாடிக்கு ஏறத்தாழ 18 மீட்டர் வேகத்தில் பாயும். தகடு மிச்சம். ஆனால் 10 மீட்டர் நீளத்துக்கு உராய்வினால் ஏற்படும் அழுத்த இழப்பு சுமார் 17 மில்லிமீட்டர் நீர்த்தம்பம். உலர்த்திகளின் விசிறிகள் பலம் குறைந்தவை. பல இயந்திரங்களுக்குக் குழாயின் தடை 1 சென்டிமீட்டர் நீர்த்தம்பத்தைத் தாண்டினாலே மூச்சு முட்டத் தொடங்கிவிடும். எனவே இது உதவாது.

30 சென்டிமீட்டர் விட்டமானால் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 8 மீட்டர். அதே 10 மீட்டருக்கு இழப்பு சுமார் இரண்டரை மில்லிமீட்டர்தான். விட்டம் ஒன்றரை மடங்கு ஆனதற்கே இழப்பு ஏழில் ஒரு பங்காகிவிட்டது! ஒரே அளவு காற்று பாயும்போது உராய்வு இழப்பு, விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு ஏறத்தாழ எதிர்விகிதத்தில் இருப்பதே காரணம். விட்டத்தைப் பாதியாக்கினால் இழப்பு 32 மடங்கு.

அப்படியானால் 40 சென்டிமீட்டர் இன்னும் நல்லதுதானே என்று கேட்பீர்கள். இங்கேதான் இயற்கை ஒரு முட்டுக்கட்டை போடுகிறது. அந்தக் குழாயில் வேகம் வினாடிக்கு நாலரை மீட்டருக்கும் கீழே இறங்கிவிடும். காற்று மட்டும் போவதானால் பரவாயில்லை. ஆனால் அதனுடன் ஒரு பயணி போகிறான். அவன்தான் பஞ்சுப் பிசிறு.

பிசிறு என்னும் பகைவன்

துணி ஒவ்வொரு முறை புரளும்போதும் அதிலிருந்து நுண்ணிய இழைகள் உதிர்கின்றன. ‘லிண்ட்’ என்று தொழிலாளர்கள் சொல்வது இதைத்தான். வலை வடிகட்டி பெரும்பகுதியைப் பிடித்துவிடும். எஞ்சியது குழாய்க்குள் போகும். வேகம் குறைந்த இடத்தில், ஆற்று மணல் படிவதுபோல அது படிந்துவிடும். இதனால்தான் குழாயில் காற்றின் வேகம் நிமிடத்துக்கு 1,200 அடிக்கு, அதாவது வினாடிக்கு 6 மீட்டருக்குக் குறையக்கூடாது என்று சில உற்பத்தியாளர்களின் கையேடுகள் கூறுகின்றன.

ஆகவே குழாய் குறுகினால் மூச்சு முட்டும், அகன்றால் பிசிறு படியும். நமது கணக்கில் இரண்டுக்கும் நடுவே நிற்பது 30 சென்டிமீட்டர் குழாய்தான்.

வளைவுகளும் காற்றைத் தடுக்கின்றன. மெல்ல வளையும் ஒரு 90 டிகிரி வளைவு, நமது குழாயில் ஏறத்தாழ 4 மீட்டர் நேர்க்குழாய்க்குச் சமமான தடையைத் தரும். தகட்டைக் கூர்மையாக வெட்டி மூலையாக ஒட்டினாலோ அது 15 மீட்டரையும் தாண்டிவிடும்! மூலையின் உட்புறத்தில் காற்று சுழன்று தேங்குவதே காரணம். அந்தத் தேக்கத்தில்தான் பிசிறும் கூடுகட்டும்.

வீட்டு உலர்த்திகளுக்கும் இதே கவனம் தேவை. அமெரிக்காவின் கட்டட விதிகள் பொதுவாக அவற்றின் குழாய் நீளத்தை 35 அடிக்குள் கட்டுப்படுத்தி, சாதாரண 90 டிகிரி வளைவு ஒவ்வொன்றுக்கும் 5 அடியைக் கழித்துக்கொள்ளச் சொல்கின்றன.

சங்கிலியாய்த் தொடரும் தவறு

ஒரு சலவையகத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இயந்திரத்தை இயக்கும் இளைஞர் மேற்பார்வையாளரிடம் சொல்கிறார்:

“அண்ணே, போன மாசம் அரை மணியில காய்ஞ்ச துண்டு, இப்ப முக்கால் மணி ஆகுது.”

“சூட்டைக் கூட்டி வை தம்பி. சாயந்தரத்துக்குள்ள முடிச்சாகணும்.”

இந்தப் பதிலில் ஒளிந்திருக்கும் ஆபத்தைக் கண்டீர்களா? குழாயில் பிசிறு படிந்து காற்றோட்டம் குறைந்திருக்கிறது. காற்று குறைந்ததால் துணி காயவில்லை. இப்போது வெப்பத்தைக் கூட்டுகிறார்கள். வெப்பத்தை எடுத்துச் செல்லக் காற்று இல்லாததால் சூடு இயந்திரத்துக்குள்ளேயே தேங்குகிறது. அளவுக்கு மீறிச் சூடேறியவுடன் காப்புச் சுவிட்சு இயந்திரத்தை நிறுத்துகிறது. “இந்தச் சுவிட்சு ஓயாமல் தொல்லை தருகிறதே” என்று யாராவது அதை நீக்கிக் கம்பியை நேராக இணைத்துவிட்டால் போதும், கடைசிக் காவலாளியும் போய்விட்டான்!

பஞ்சுப் பிசிறு எளிதில் தீப்பற்றும். எடை சிறிது, ஆனால் காற்றுடன் கலந்திருக்கும் பரப்போ மிகப் பெரிது. ஒரு பொறி விழுந்தால் விசிறியே அதைக் குழாய்க்குள் இழுத்துச் செல்லும். பிசிறு படிந்த குழாய், எண்ணெயில் தோய்த்த திரிபோல் தீயைக் கூரைவரை கொண்டுபோகும்.

இது வெறும் அச்சுறுத்தல் அன்று. அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகத்தின் கணக்குப்படி, அந்நாட்டின் குடியிருப்புகளில் 2008 முதல் 2010 வரை உலர்த்திகளால் ஆண்டுக்குச் சுமார் 2,900 தீ விபத்துகள் நேர்ந்தன. சராசரியாக ஆண்டுக்கு 5 பேர் மாண்டனர், 100 பேர் காயமுற்றனர். இந்த விபத்துகளுக்கு முதன்மையான காரணம் என்ன தெரியுமா? சுத்தம் செய்யாமை. 34 விழுக்காடு விபத்துகள் இதனால் ஏற்பட்டவை. அவை வீடுகளில் உள்ள சிறிய இயந்திரங்கள். நாள் முழுவதும் ஓடும் பெரிய இயந்திரத்தில் எவ்வளவு கவனம் தேவை என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

மற்றொரு ஆபத்தும் உண்டு. நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், ஆளிவிதை எண்ணெய் போன்றவை துணியில் தங்கிவிட்டால், காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் மெல்ல வினைபுரிந்து வெப்பத்தை வெளிவிடும். உலர்த்தியிலிருந்து சூட்டோடு எடுத்த துண்டுகளைக் குவித்து வைத்தால் அந்த வெப்பம் உள்ளேயே சேர்ந்து, யாரும் பற்றவைக்காமலே தீப்பிடிக்கலாம். இதனால்தான் நல்ல உலர்த்தி கடைசிச் சில நிமிடங்கள் சூடின்றிக் காற்றை மட்டும் செலுத்தித் துணியைக் குளிரவைக்கிறது. அவசரப்பட்டு இடையில் நிறுத்தக்கூடாது.

நல்ல குழாய் எப்படி இருக்கும்?

நல்ல குழாய் துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டால் ஆனதாக, உட்புறம் வழவழப்பாக இருக்கும். பிளாஸ்டிக் குழாயோ, சுருக்கம் சுருக்கமாக நெளியும் குழாயோ கூடாது. ஒன்று தீக்கு இரையாகும், மற்றொன்று ஒவ்வொரு சுருக்கத்திலும் பிசிறைப் பிடித்துவைக்கும்.

இணைப்புகளில், முன்னால் உள்ள துண்டின் முனை அடுத்த துண்டுக்குள் காற்று போகும் திசையிலேயே நுழைந்திருக்கும். மாறாகப் பொருத்தினால் விளிம்பு குறுக்கே நின்று பிசிறைத் தடுக்கும். அதே காரணத்தால் திருகாணியின் முனை குழாய்க்குள் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

இயந்திரத்துக்கு ஒரு குழாய் என்று தனித்தனியாக இருப்பதே நல்லது. இடமில்லாமல் பலவற்றை ஒரே பெருங்குழாயில் சேர்ப்பதானால், கிளையாறு கலப்பதுபோல் சாய்வாகச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு கிளை சேரும்போதும் பெருங்குழாய் அகல வேண்டும். ஓடாத இயந்திரத்துக்குள் மற்றவற்றின் ஈரக் காற்று புகாதபடி ஒருவழிக் கதவுகள் வேண்டும். நான்கில் ஒன்று மட்டும் ஓடும் நாளில் பெருங்குழாயின் வேகம் நாலில் ஒரு பங்காகிவிடுமே, பிசிறு படியாதா என்று உங்களுக்குத் தோன்றினால், நீங்கள் ஒரு பொறியாளராகச் சிந்திக்கத் தொடங்கிவிட்டீர்கள்! அத்தகைய குழாய்களை அடிக்கடி திறந்து பார்த்துத் துடைக்க வேண்டும். அதற்கென்று மூடியுள்ள திறப்புகளை வளைவுகளின் அருகே முதலிலேயே அமைத்துவிட வேண்டும்.

குழாயின் வாய் திறந்த வெளியில் முடிய வேண்டும். கூரைக்கும் உட்கூரைக்கும் இடையிலோ, அடுப்பின் புகைபோக்கியிலோ விடக்கூடாது. பறவை நுழையும் என்று வாயில் கம்பிவலை கட்டுவார்கள். அதுவும் தவறு. சில வாரங்களில் அந்த வலை பிசிறால் மெத்தைபோல் அடைத்துக்கொள்ளும். காற்றோட்டத்தில் தானே திறந்து, நின்றவுடன் மூடிக்கொள்ளும் தகட்டுக் கதவே ஏற்றது. புதுக் காற்று நுழையும் திறப்பின் அருகிலும் அந்த வாய் இருக்கக்கூடாது. வெளியேற்றிய ஈரக் காற்றே மீண்டும் உள்ளே வந்துவிடும்.

இவ்வாறு அமைந்த குழாய் எரிபொருளையும் மிச்சப்படுத்தும். முக்கால் மணி ஓடும் இயந்திரம் அரை மணியில் வேலையை முடிக்கிறது அல்லவா?

நீங்களே செய்து பாருங்கள்

குழாயின் தடையை அளக்கும் கருவியை நீங்களே செய்யலாம். ஒரு மீட்டர் நீளமுள்ள மெல்லிய கண்ணாடி நிற ரப்பர்க் குழாயை ‘யு’ வடிவில் வளைத்து ஓர் அட்டையில் கட்டுங்கள். பாதி உயரத்துக்கு மைகலந்த தண்ணீர் ஊற்றுங்கள். பின்னால் கட ஒட்டிய தாளில் மில்லிமீட்டர் கோடுகள் வரையுங்கள். ஒரு முனையில் மெல்ல ஊதினால் அந்தப் பக்கம் நீர் இறங்கி, மறுபக்கம் ஏறும். இரு மட்டங்களுக்கும் உள்ள வேறுபாடே அழுத்தம். சலவையகங்களில் குழாயின் சுவரில் சிறு துளையிட்டு இத்தகைய கருவியை இணைக்கிறார்கள். சுத்தமான குழாயில் 3 மில்லிமீட்டர் காட்டியது மாதந்தோறும் ஏறிக்கொண்டே வந்தால், எங்கோ பிசிறு படிகிறது என்று இயந்திரத்தைத் திறக்காமலே சொல்லிவிடலாம்.

நாம் கற்பனை செய்த சலவையகத்தில் அந்த மேற்பார்வையாளரின் மேசைக்கு அருகே இந்த எளிய கருவி ஒன்று தொங்கியிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார்? “சூட்டைக் கூட்டாதே தம்பி, இயந்திரத்தை நிறுத்து. முதலில் குழாயைத் திறந்து பார்ப்போம்” என்றுதான் சொல்லியிருப்பார்.

அடுத்த மழைக்காலத்தில் உங்கள் சீருடை காயாவிட்டால், நீங்களும் அடுப்பைப் பெரிதாக எரிக்க வேண்டாம். சன்னலைச் சற்றே திறந்துவையுங்கள்!